உங்களுக்குத் தெரியுமா? ஏலம் போகும் திருகோணமலை

லண்டனின் பருவகால ஏலங்களில் எப்போதாவது திருகோணமலைத் துறைமுகமும் தலைகாட்டும், சட்டமிட்ட ஒற்றைப் படமாக. ஒஸ்டன்பேர்க் கோட்டை மேட்டிலிருந்து பார்த்த அந்தக் காட்சியை வரைந்தவர் சாமுவேல் டேனியல். தஞ்சைப் பெரிய கோயிலை வரைந்த தோமஸ் டேனியலின் பெறாமகன். ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தது 1795இல். அதன்பின் சுமார் பத்து வருடம் கழித்து இலங்கைக்கு வந்தவர், 1811இல் இங்கேயே இறந்துபோனார். வயது 36தான்.

அவருடைய இலங்கைக் காட்சிகள் 12, 1808இல் லண்டனில் புத்தகமாக வந்தன. எல்லாம் அக்வாடின்ட் அச்சு: செப்புத் தகட்டில் பிசின் தூள் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்கவிடுவார்கள். தூளின் இடுக்குகளில் அமிலம் இறங்கிய ஆழத்துக்கேற்ப நிழல் விழும். நீர்வண்ணம் போலவே தோன்றும். அதன்மேல் கையாலும் வண்ணம் தீட்டுவதுண்டு.

புத்தகமாக இருந்தது ஒற்றைப் படமானது எப்படி? வியாபாரிகளின் கத்தரிக்கோல்தான். இப்படிப்பட்ட படநூல்களைப் பிரித்துத் தாள் தாளாக விற்பது பழைய வழக்கம். கொடுமைதான்! அதனால்தான் முழுப்பிரதி வந்தால் சேகரிப்பாளர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

வாங்குபவர்களுக்கு ஒன்று: தாளின் ஓரம் வெட்டப்பட்டிருந்தால் விலை இறங்கும்.