ஆச்சிக்கு நெய்ப்பந்தம்

சாவு வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கென்று ஒரு வேலை உண்டு. மகன் கொள்ளிக்குடம் தூக்குவான். மகள் மாரடித்து அழுவாள். பிறந்த வீட்டார் கோடிச்சேலை கொண்டுவருவார்கள். பேரனும் பேத்தியும் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். சிறு குச்சியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, நெய்யில் நனைத்து, கொளுத்தி ஆளுக்கொன்றாகக் கையில் கொடுப்பார்கள். குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கும் ஆச்சியைப் பிள்ளைகள் வரிசையாகச் சுற்றி வர வேண்டும். சில ஊர்களில் பேரன்களுக்கு மட்டும்தான் அந்த உரிமை. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் பேத்திகளும் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பேரன் பேத்தி கண்டு, நெய்ப்பந்தம் வாங்கிப் போவதைத்தான் பெரியவர்கள் நிறைந்த சாவு என்பார்கள். கொட்டும் வேட்டுமாக வழியனுப்பும் கல்யாணச் சாவு அது.

அண்மையில் ஒரு துக்க வீட்டில் பந்தங்களைச் சுற்றி வைத்துவிட்டு, பிடிக்க ஆளில்லாமல் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். இறந்தவருக்குப் பேரப்பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஒருவனுக்குப் பரீட்சை. இன்னொருத்தி சின்னவள், பார்த்தால் பயந்துவிடுவாள் என்று சென்னையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள் நன்றாகத்தான் சுற்றினார்கள். ஆனாலும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

என் ஆச்சி 2023-இல் இறந்தபோது நண்டும் சிண்டுமாக எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். மூக்கில் ஏன் பஞ்சு வைத்திருக்கிறது என்று ஒருவன் கேட்டான். அருகிலிருந்த மாமா சொன்னார். சரியென்று தலையாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான். என் தங்கை மகள் கேட்டதுதான் எல்லோரையும் உலுக்கிவிட்டது: “ஆச்சி காதுல கிடந்தது எங்க?”

பாம்படத்தைக் கழற்றியிருந்தார்கள். சின்ன வயதில் காதைக் கீறி, ஈயக் குணுக்கு மாட்டி, இழுத்து இழுத்து வளர்த்த காது அது. தோள்வரை தொங்கும். நகை இல்லாமல் அந்தத் துளை மட்டும் தெரிந்தபோது ஆச்சி வேறு யாரோ போல இருந்தாள். பாம்படம் பார்க்கத்தான் பாறாங்கல். மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. ஆனாலும் தென்மாவட்டக் கிழவிகளுக்கு அதுதான் சொத்து. சாவு வீட்டில் இதுபோன்ற ஒரு காதணியைச் சுற்றி எழும் சண்டையை வைத்தே 2023-இல் ‘தண்டட்டி’ என்று ஒரு படம் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் எங்கள் வீட்டில் காது நகை பெண் பிள்ளைகளுக்கு என்பது வழக்கம். அத்தைகள் இருவரும் ஆளுக்கொரு காது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பாம்படத்தின் கதை பெரியத்தை ஒப்பாரி வைத்தபோதுதான் வெளியே வந்தது. கதையின் பாதி அதுவரை எனக்கே தெரியாது. ஒரு வறட்சியில் அதைக் கோவில்பட்டியில் அடகு வைத்து, மீட்க வழியில்லாமல், ஆச்சி பல வருஷம் கல்யாண வீடுகளுக்கு முந்தானையால் காதை மூடிக்கொண்டே போயிருக்கிறாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து அட்டை வாங்கிவந்து, ராத்திரி விளக்கடியில் பெட்டி ஒட்டி, குரோஸ் கணக்கில் கூலி வாங்கி மீட்டிருக்கிறாள். ஒரு குரோஸ் என்றால் 144. பசையில் ஊறி விரல் நுனி வெடித்துக் கிடந்ததை அத்தை பாட்டாகச் சொல்லச் சொல்ல, சுற்றிக் கட்டிக்கொண்டு அழுத பெண்கள் “ஆமா, ஆமா” என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியின் வாழ்க்கை வரலாறு அவ்வளவு பேர் முன்னால் வாசிக்கப்படுவது அந்த ஒரு நாள்தான். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வயது விஷயமும் அப்படித்தான். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்காக ஆதார் அட்டையை எடுத்தோம். அதில் 1.1.1940 என்று இருந்தது. ஆச்சியின் நாத்தனார் சிரித்தார். “காந்தியச் சுட்ட வருசம் அவ சமஞ்சா. புயலடிச்சு தனுஷ்கோடி அழிஞ்சப்ப ஒங்க அய்யா கைப்பிள்ள. 1940-ங்கிறான்!” காந்தி இறந்தது 1948 ஜனவரியில். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பரில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஆச்சி 1935-ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். பாடப்புத்தகத்தில் படித்த இரண்டு சம்பவங்களும் அன்று அவர்கள் குடும்பத்துக்குள் வந்துவிட்டன.

காலம் மாறியதைக் குறை சொல்லவில்லை. வேலைக்கு ஓடுகிறவர்கள் பதினாறை மூன்றாம் நாளே முடிப்பதில் நியாயம் இருக்கிறது. மின்மயானமும் ஐஸ் பெட்டியும் தேவைதான். 2020, 2021 கொரோனாக் காலத்தில் முகம்கூடப் பார்க்க முடியாமல் ஆச்சியை அனுப்பிய வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும், இன்னும் ஆறவில்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. பிள்ளை பயந்துவிடும் என்கிறோம். மடியில் கிடந்து கதை கேட்ட பிள்ளைக்கு, ஆச்சி திடீரென்று காணாமல் போவதுதான் பெரிய பயம் என்று நான் நினைக்கிறேன். நான் பார்த்தவரை, சாவு வீட்டில் பெரியவர்கள் கை பிடித்துக் கூடவே இருந்தால் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள்.

ஆச்சியோ அப்பத்தாவோ அம்மாயியோ, உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ, அந்தத் தகவல் வரும்போது பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவாருங்கள். கையில் பந்தத்தைக் கொடுங்கள். ஒப்பாரி முடியும்வரை பக்கத்தில் உட்காரவையுங்கள். பள்ளிக்கு ஒரு விடுப்புக் கடிதம் எழுதினால் போதும். ஆசிரியர்களே, அந்தக் கடிதத்தை மட்டும் மறுக்காதீர்கள்.