ரயில் நிலைய இரும்பு வேலைப்பாடுகள்: பாரம்பரியச் சொத்தா, பழைய இரும்பா?

புது தில்லி: அம்ருத் பாரத் திட்டத்தின் கீழ் 1,300-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்கள் மேம்பாட்டுக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளன. சென்னை எழும்பூர், மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் போன்ற பெரிய நிலையங்களுக்குத் தனித் திட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பழைமையான முகப்புகள் காக்கப்படும் என்கிறது ரயில்வே. ஆனால், முகப்புக்குப் பின்னால் உள்ள வார்ப்பிரும்புத் தூண்கள், கூரைத் தாங்கிகள், படிக்கட்டுக் கிராதிகள், பயணச்சீட்டுச் சாளரக் கம்பி வேலைப்பாடுகள் ஆகியவற்றின் கதி என்ன என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை.

கல் கட்டடத்தை இடித்தால் ஊரே திரண்டு கேட்கும். இரும்பு அப்படியல்ல; ஓர் இரவில் கழற்றிவிடலாம். கழற்றிய பிறகு அது எடைக்குப் போகும் பொருள். 2020-21 நிதியாண்டில் மட்டும் பழைய பொருள்களை விற்றதில் ரயில்வேக்கு ரூ.4,573 கோடி கிடைத்தது. தேய்ந்த தண்டவாளத்தை விற்பதில் தவறில்லை. தேய்ந்த தண்டவாளமும் நூற்றாண்டு கண்ட தூணும் ஒரே தராசில் ஏறக்கூடாது என்பதே வாதம்.

மாணவர்களின் கைவண்ணம்

மும்பை முனையம் இதற்குத் தக்க சான்று. எஃப்.டபிள்யூ.ஸ்டீவன்ஸ் வடிவமைத்த இந்நிலையத்தின் கட்டுமானம் 1878-இல் தொடங்கி ஏறத்தாழ 10 ஆண்டுகள் நடைபெற்றது. இதன் அலங்கார இரும்பு, பித்தளைக் கிராதிகளையும், பயணச்சீட்டு அலுவலகக் கம்பி வேலைகளையும், பெரிய படிக்கட்டின் கைப்பிடிகளையும் உருவாக்கியவர்கள் பம்பாய் கலைப் பள்ளியின் மாணவர்கள். 2004-இல் யுனெஸ்கோ இந்நிலையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இந்த வேலைப்பாடுகளும் அதன் சிறப்புகளில் சேர்ந்தன. புது தில்லி, ஆமதாபாத், மும்பை முனையம் ஆகிய மூன்றையும் சுமார் ரூ.10,000 கோடியில் மேம்படுத்த மத்திய அமைச்சரவை 2022 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

எழும்பூர் நிலையத்துக்கு உலகச் சின்னம் என்ற கவசம் இல்லை. ஹென்றி இர்வின் வடிவமைத்து, 1908-இல் திறக்கப்பட்ட இந்நிலையத்தின் சீரமைப்புக்கு 2022 மே 26-ஆம் தேதி சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதுரை, ராமேசுவரம், காட்பாடி, கன்னியாகுமரி ஆகியவையும் அன்றைய பட்டியலில் இடம்பெற்றன. இதே இர்வின் வடிவமைத்த மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத்தில் நிற்கும் இரும்புத் தூண்கள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டவை. அரண்மனையில் அவற்றைக் கட்டணம் செலுத்திப் பார்க்கிறோம். அதே காலத்து இரும்பு, ரயில் நிலையத்தில் இருந்தால் கவனிப்பாரில்லை.

செலவு மட்டும் காரணமல்ல

பழைய இரும்பைப் பழுதுபார்ப்பது தனி வித்தை. வார்ப்பிரும்பு மேலிருந்து அழுத்தும் சுமையைத் தாங்கும், இழுவிசைக்கு உடையும். விரிசலைச் சாதாரணமாகப் பற்றவைத்தால், அருகில் புதிய விரிசல் தோன்றக்கூடும். எனவே, குறுக்கே துளையிட்டு உலோகத் தையல் இடும் முறை கையாளப்படுகிறது. காணாமற்போன பாகத்தைப் புதிதாக வார்ப்பதிலும் நுட்பம் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். பழைய பாகத்தையே அச்சாக வைத்து வார்த்தால், புதியது அளவில் சிறுத்துப் பொருந்தாது. கடற்கரை ஊர்களில் பழைய இரும்புடன் எவர்சில்வர் திருகாணிகளைச் சேர்த்தால், உப்புக் காற்றில் பழைய இரும்பு விரைந்து அரிக்கப்படும்.

இத்தகைய நுட்பங்கள் ஒப்பந்தப் புள்ளியில் எழுதப்படாவிட்டால், ஒப்பந்ததாரர் எளிய வழியையே நாடுவார். பழைய கிராதியை அகற்றிவிட்டு, எவர்சில்வர் குழாயைப் பொருத்துவது அவருக்கு ஒரு நாள் வேலை.

லண்டனில் வேறு வழி பின்பற்றப்பட்டது. 1868-இல் திறக்கப்பட்ட செயின்ட் பாங்கராஸ் நிலையத்தின் இரும்புக் கூரை சுமார் 73 மீட்டர் அகலத்தை நடுவில் தூண் ஏதுமின்றித் தாவுகிறது. அதைப் பிரித்தெறியாமல் பழுதுபார்த்து, தொடக்க கால வெளிர்நீலத்தைப் பூசி, 2007-இல் ஐரோப்பிய அதிவேக ரயில்களுக்குத் திறந்தனர். பழைமையைக் காத்தால் நவீன வசதி வராது என்ற வாதத்துக்கு அந்தக் கூரையே பதில்.

சட்டத்தில் இடைவெளி

இந்தியாவில் சட்டம் உதவுமா? அரசமைப்புச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, நாடாளுமன்றம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவித்த சின்னங்களைக் காக்குமாறு அரசைப் பணிக்கிறது. பயன்பாட்டில் உள்ள ரயில் நிலையங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. தமிழகத்தின் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு, 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மறுபுறம், பிற சட்டங்கள் எவ்வாறு இருப்பினும் தேவையான கட்டுமானப் பணிகளைச் செய்துகொள்ள 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், அதன் 11-ஆவது பிரிவில், ரயில்வே நிர்வாகத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆகவே, காப்பதும் கைவிடுவதும் பெரிதும் ரயில்வேயின் மனத்தைப் பொருத்தே அமைகின்றன.

வேண்டியவை பெரிய செலவினங்கள் அல்ல. பணி தொடங்கும் முன் ஒவ்வொரு தூணையும் தாங்கியையும் கிராதியையும் படமெடுத்து, அளந்து, எண்ணிட்டுப் பதிவு செய்ய வேண்டும். கழற்றும் பாகங்கள் அப்பதிவேட்டைச் சரிபார்க்காமல் ஏலத்துக்குச் செல்லக்கூடாது. அப்பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். மறுவார்ப்புக்கு அயல்நாடு செல்லத் தேவையில்லை. கோவையில் வார்ப்பட ஆலைகள் உள்ளன, சுவாமிமலையில் தலைமுறைகளாக உலோகம் வார்க்கும் கைகள் உள்ளன.

எழும்பூர் நிலையத்தில் விடைபெற்றுச் சென்றவர்களும் வந்திறங்கியவர்களும் கோடிக்கணக்கானோர். அவர்கள் சாய்ந்து நின்ற தூண்களுக்கு ஒரு பதிவெண்ணாவது தர வேண்டும். நாடாளுமன்றத்தில் நிலையங்களின் மேம்பாடு குறித்துக் கேட்கும் தமிழக உறுப்பினர்கள், நிதி எவ்வளவு என்பதோடு, கழற்றிய இரும்பு எங்கே என்றும் கேட்கலாம்.