ஏரிக்கரையில் ஓர் அகதிகளின் ஊர்

கபோச் சந்தையில் மரக்கறி வாங்கும் நம்மவரில் எத்தனை பேர் பியானா டெலி அல்பனேசிக்குப் போயிருக்கிறோம்? பலெர்மோவிலிருந்து ஏறக்குறைய 24 கிலோமீற்றர்தான்.

துருக்கியப் படைகளுக்குத் தப்பிக் கடல்கடந்து வந்த அல்பேனியர், மொன்ரியாலே பேராயரிடம் நிலம் பெற்று 1488ஆம் ஆண்டில் அமைத்த ஊர் அது. கிரேக்க முறையில் வழிபட்டமையால் 1941 வரை அதற்குக் 'கிரேக்கர் சமவெளி' என்றே பெயர்! அழகிய ஏரியோ பிந்தியது. மின்சாரத்துக்காக அணைகட்டி 1923இல் உண்டாக்கப்பட்டது.

ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அங்கே ஆர்பரேஷ் மொழி பேசப்படுகிறது. தெருப் பலகைகள் இரு மொழிகளில் இருக்கின்றன. உயிர்த்த ஞாயிறன்று பெண்கள் பொற்சரிகை ஆடையணிந்து வீதிவலம் வருகிறார்கள். சிவப்புச் சாயமிட்ட முட்டைகள் வழங்கப்படுகின்றன. அவ்வூர்க் கன்னோலியின் சுவையைச் சொல்லவே வேண்டாம்.

அரசு அம்மொழிக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது 1999இல்தான். அதுவரை காத்தவை வீடும் வழிபாட்டிடமுமே. தம் குருமார் பயில 1734இல் பலெர்மோவிலேயே ஒரு கல்லூரியும் நிறுவிக்கொண்டார்கள்.

சென்ற கோடையில் குடும்பத்துடன் போனோம். ஏரிக்கரையில் ஒரு பாட்டி பேரனை ஆர்பரேஷில் அதட்டினார். அவனும் அதே மொழியில் எதிர்த்துப் பேசினான். திரும்பும் வழியெல்லாம் எங்கள் பிள்ளைகள் தமக்குள் இத்தாலிய மொழியிலேயே பேசிக்கொண்டு வந்தார்கள்.