ஆட்டுமயிரில் விளைந்த தோட்டம்

சைபீரியத்தின் அல்தாய் மலையில், பாசிரிக் என்னுமிடத்துப் புதைமேடு ஒன்றை 1949இல் உருசிய அகழாய்வாளர் செர்கேய் உருதென்கோ தோண்டினார். உள்ளே புகுந்த நீர் பனிக்கட்டியாய் இறுகியிருந்தது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் மட்காதபடி அப்பனி காத்துவைத்த கம்பளத்தின் ஓரத்தில் 24 மான்கள் வரிசையாகச் செல்கின்றன. இன்று நமக்குக் கிடைத்துள்ள முழுமையான முடிச்சுக் கம்பளங்களுள் மூத்தது அதுவே. அந்த மூத்த கம்பளத்திலேயே இயற்கை குடியேறிவிட்டது.

ஆனால் இயற்கையைக் கம்பளத்தில் இறக்குவது ஓவியம் தீட்டுவது போன்றதன்று. தூரிகை நினைத்த பக்கமெல்லாம் வளையும். நெசவாளர் கைக்கு அவ்வுரிமை இல்லை. இழுத்துக் கட்டிய பாவிழைகளில் அடுத்தடுத்த இரண்டைப் பற்றி, மயிர்நூலைச் சுற்றி, கீழிழுத்துக் கத்தியால் அறுத்தால் ஒரு முடிச்சு. வரிசை நிறைந்ததும் ஊடையை ஓட்டிச் சீப்பால் அடித்து இறுக்குவர். ஆகவே கம்பளத்தில் உண்மையான வளைகோடே கிடையாது. உள்ளவையெல்லாம் நுண்ணிய படிக்கட்டுகள். ஒரு செ.மீ. நீளத்தில் மூன்று முடிச்சே விழுமானால் ரோசாப்பூ எண்கோணமாகிவிடும். ஏழு விழுந்தால் இதழ் வளைவதுபோல் கண் மயங்கும். ஈரானின் காசுகாய் நாடோடிப் பெண்டிர் வரைபடமின்றி நினைவிலிருந்தே நெய்யும் பறவைகள் கோணல்மாணலாய் நிற்பதைத் திறமைக் குறைவு என்று எண்ணிவிடலாகாது. பறவையைப் பறவையாக்கும் நாலைந்து கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது அரிய கலை.

பட்டறைகளிலோ கட்டம் போட்ட தாளில் முதலில் படம் எழுதுவர். ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு. வறண்ட நிலத்துப் பாரசீகர், வாய்க்கால் ஓடும் தோட்டத்தையே அப்படித் தாளிலும் தறியிலும் ஏற்றினர். கிளாசுகோ நகரின் பர்ரெல் தொகுப்பிலுள்ள 17ஆம் நூற்றாண்டுத் தோட்டக் கம்பளத்தில் வாய்க்கால்கள் மேலிருந்து பார்த்தபடி ஓட, மரங்கள் பக்கவாட்டில் நிற்கின்றன. நிலப்படமும் ஓவியமும் ஒன்றாகிய காட்சி அது!

உருவம் மனிதனுடையது, நிறமோ வேருக்கும் இலைக்கும் உரியது. நம் நாட்டு மஞ்சிட்டிக்கு உறவான செடியொன்றைப் பாரசீகர் ருனாஸ் என்பர். அதன் வேரில் உள்ள அலிசரின் என்னும் நிறப்பொருள் தானே மயிரில் உறுதியாய்ப் பற்றாது. முதலில் நூலைப் படிகார நீரில் ஊறவைப்பர். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் மயிரின் புரதத்தையும் மறு கையால் அலிசரினையும் பற்றிக்கொள்ள, கழுவினாலும் போகாத சிவப்பு பிறக்கிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அச்சிவப்பு இன்னும் ஒளிரும். சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் செந்நிறம் தந்த சாயவேரிலும் இதே அலிசரின்தான் உள்ளது. படிகாரத்துக்கு மாற்றாக இரும்பு உப்பைச் சேர்த்தால் ஊதாவும் கருமையும் வரும். ஆயினும் இரும்பு நாளடைவில் மயிரை அரித்துவிடும். பழங்கம்பளங்களில் கருங்கோடுகள் மட்டும் பள்ளமாய்க் கிடப்பது அதனால்தான்.

அவுரியின் வழி வேறு. அதன் நீலம் நீரில் கரையாது. தொட்டியில் புளிக்கவைத்து உயிர்வளியை நீக்கினால் கரையும். அதில் தோய்த்தெடுத்த நூல் முதலில் மஞ்சட்பச்சையாய்த் தோன்றி, காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும்.

1868இல் செருமானிய வேதியியலார் கிரேபும் லீபர்மானும் நிலக்கரித் தாரில் கிடைக்கும் பொருளிலிருந்து அலிசரினை ஆக்கினர். அருஞ்செயலே. எனினும் வேரில் அலிசரின் தனித்திருப்பதில்லை; பர்பியூரின் முதலிய இனப்பொருள்களும் உடன் வருவதால் வேர்ச்சிவப்பு பல சாயல்களைக் காட்டுகிறது. சிறுசிறு அளவில் தோய்த்த நூல் ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபடும். அவ்வேறுபாடு கம்பளத்தில் பட்டைபட்டையாய்த் தெரிவதை அப்ராஷ் என்பர். அதைக் குறையென்று சொல்வாருடன் நான் உடன்படேன். எந்தப் புல்வெளியும் ஒரே பச்சையாய் இருப்பதில்லை.

பச்சைக்குத் தனிச்சாயம் பெரும்பாலும் இல்லை; மஞ்சளின் மேல் அவுரியை ஏற்றியே பெறுவர். மஞ்சள் ஒளிபட்டு விரைவில் மங்கும். பழங்கம்பளங்களில் இலைகள் நீலமாகிப் போவது இவ்வாறே. 1539-40இல் நெய்த புகழ்பெற்ற அர்தபில் கம்பளம் இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. பத்து நிறங்களால் ஆன அதன் பூக்கள் மங்கிவிடாதிருக்க, அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே அதன்மேல் விளக்கேற்றுகின்றனர்.