பண்ட் செய்யாத பெலிசிக்

அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருக்கும் அணி 10 கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியிடம் அனுப்பிவிடுவது வழக்கம். இதற்குப் பண்ட் என்று பெயர். உதைக்காமல் ஆடித் தவறினால், அதே இடத்தில் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

உதைக்காமல் ஆடும் முடிவுக்காக அதிகம் வசைபட்டவர் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் அப்போதைய பயிற்சியாளர் பில் பெலிசிக். 2009 நவம்பர் 15 அன்று இண்டியானாபொலிஸில் அவரது அணி 34-28 என முன்னிலையில் இருந்தது. மீதி 2 நிமிடம் 8 வினாடி. பந்து சொந்தப் பக்கத்து 28 கெஜக் கோட்டில். நான்காம் முயற்சியில் தேவை 2 கெஜம். அவர் பண்ட் செய்யவில்லை. டாம் பிரேடி எறிந்த பந்து கெவின் ஃபால்க்கின் கையில் ஒரு கணம் தடுமாறியது. பிடி உறுதியாவதற்குள் எதிரணி வீரர் அவரைப் பின்னுக்குத் தள்ளிவிட, தேவையான 2 கெஜத்துக்குச் சற்றுக் குறைவாகப் பந்தின் இடத்தை நடுவர்கள் குறித்தனர். பேட்டன் மானிங்கின் கோல்ட்ஸ் அணி எஞ்சிய 29 கெஜத்தைக் கடந்து 35-34 என்று வென்றது.

தொலைக்காட்சியில் விமர்சகர்கள் டோனி டஞ்சி, ராட்னி ஹாரிசன் இருவருமே முடிவைக் கண்டித்தனர். ஆனால் புள்ளிவிவர ஆய்வாளர் பிரையன் பர்க் போட்ட கணக்கு வேறு. 2 கெஜம் கிடைக்கும் வாய்ப்பு 60 சதவீதம். கிடைத்தால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. தவறினால் 28 கெஜத்திலிருந்து எதிரணி டச்டவுன் அடிக்கும் (பந்தைக் கோல் எல்லைக்குள் கொண்டுசெல்லும்) வாய்ப்பு 53 சதவீதம். பண்ட் செய்திருந்தாலும் 30 சதவீதம். மொத்தத்தில் ஆடினால் வெற்றி வாய்ப்பு 79, உதைத்தால் 70. இவை பொதுச் சராசரிகள்தான். ஆனாலும் எதிரே நின்றவர் மானிங் என்பது உதைக்காமல் ஆடுவதற்கே வலுச் சேர்க்கும். தோற்றதாலேயே முடிவு தவறாகிவிடாது.

பெலிசிக்கைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. நான்காவதிலும் ஆடுவது என்று முன்பே எண்ணியிருந்தால், மூன்றாவதில் பந்தை எறியாமல், ஓடிச் சிறிது தூரமாவது எடுத்திருக்கலாம். கடைசி டைம்அவுட்டையும் நான்காம் முயற்சிக்கு முன்பே செலவழித்ததால், நடுவர்கள் குறித்த இடத்தை மறுத்து முறையிட வழியில்லை. கடைசி 2 நிமிடத்துக்குள் என்றால் மறுஆய்வு அதிகாரியே தலையிட முடியும். அதற்கும் 8 வினாடி முந்திவிட்டது. உண்மையான பிழை அங்கேதான்.

இதற்கு நேர்மாறானது 2021 ஜனவரி 24 அன்று கிரீன் பேயில் நடந்தது. பேக்கர்ஸ் அணி 23-31 எனப் பின்தங்கியிருந்தது. 2 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மீதி. நான்காம் முயற்சி; கோல் எல்லைக்கு 8 கெஜம். பயிற்சியாளர் மாட் லாஃபிளோர் ஃபீல்டு கோல் அடிக்கச் சொல்லி 3 புள்ளி எடுத்தார். அதற்குப் பிறகும் வெல்ல ஒரு டச்டவுன் வேண்டியிருந்தது. டாம்பா பே அணிக்காக ஆடிய அதே பிரேடி பந்தைத் திருப்பித் தரவே இல்லை. 26-31 எனத் தோல்வி. நான்காம் முயற்சியில் தவறியிருந்தாலும் எதிரணி தன் கோல் எல்லை ஓரத்தில்தான் தொடங்கியிருக்கும். 3 புள்ளிக்காக அந்த இடத்தைக் கைவிட்டது, முடிவெடுத்த கணத்திலேயே தவறு.