புரொசெசரிடம் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள்

ஒரே மென்பொருள் நூலகம் பத்து வருடப் பழைய கணினியிலும் ஓடவேண்டும், நேற்று வாங்கிய மடிக்கணினியிலும் ஓடவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவரும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் மாணவரும் பைதனில் கணக்குச் செய்யத் தரவிறக்குவது ஒரே நம்பை நூலகத்தைத்தான். அது போய்ச் சேரும் புரொசெசர்கள் பல வகை. ஒன்றுக்குத் தெரிந்த அறிவுறுத்தல் இன்னொன்றுக்குத் தெரியாது. ஆகவே செய்நிரல் ஓடத் தொடங்கும்போதே புரொசெசரைக் கேட்டறிந்து, அதற்கேற்ற வழியைத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது.

கேளாமல் விட்டால் என்னவாகும் என்பதை 2018இல் பலர் கண்டனர். கூகுளின் ரென்சர்ஃபுளோ நூலகத்தின் 1.6ஆம் பதிப்பிலிருந்து, ஆயத்தமாகத் தொகுத்து வழங்கிய கோப்புகள் எல்லாக் கணினியிலும், பல எண்களை ஒரே முறையில் கையாளும் ஏவிஎக்ஸ் அறிவுறுத்தல்கள் உண்டென்று எடுத்துக்கொண்டன. இன்ரெல் ஏவிஎக்ஸை அறிமுகப்படுத்தியதோ 2011இல், சாண்டி பிரிட்ஜ் புரொசெசர்களுடன். அதற்கு முந்திய கணினிகளில் ‘செல்லுபடியாகாத அறிவுறுத்தல்’ என்ற ஒற்றை வரியோடு செய்நிரல் நின்றுபோனது. வயது மட்டும் காரணமல்ல. 2017இல் வந்த பென்ரியம் ஜி4560இலும் ஏவிஎக்ஸ் கிடையாது. மலிவு வகைகளுக்கு இன்ரெல் அதைக் கொடுக்கவில்லை.

இத்தனை பாடுபடுவது வேகத்துக்காக. ஏவிஎக்ஸுக்கு முந்திய எஸ்எஸ்இ அறிவுறுத்தல் ஒன்று 32 பிற் அளவுள்ள தசம எண்களில் நான்கு சோடிகளை ஒரே முறையில் கூட்டும். ஏவிஎக்ஸ் எட்டு, ஏவிஎக்ஸ்-512 பதினாறு. விளம்பரங்கள் இதை அப்படியே இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகம் என்று எழுதிவிடும். நினைவகத்திலிருந்து எண்கள் வந்துசேரும் வேகம் அதே மடங்கில் கூடுவதில்லை. ஆகவே கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

புரொசெசரைக் கேட்டறியும் வரலாறு சுருக்கமானது. முன்பு இன்ரெலின் 386, 486 புரொசெசர்களுக்கிடையே வேறுபாடு காண, கொடிப் பதிவகத்தில் குறிப்பிட்ட ஒரு பிற்றை மாற்றிப் பார்த்து, மாறினால் புதியது என்று ஊகித்தார்கள். 1993இல் பென்ரியத்துடன் சிபியுஐடி என்ற அறிவுறுத்தல் வந்தது. அது பின்னர் வந்த சில 486களிலும் சேர்க்கப்பட்டது. அதன்பின் புரொசெசரே தன்னைப்பற்றிப் பதில் சொல்லத் தொடங்கியது.

அந்தப் பதில் மட்டும் போதாது என்பதில்தான் இந்த நுட்பத்தின் அழகு இருக்கிறது. சிபியுஐடியிடம் 1 என்ற எண்ணைக் கொடுத்துக் கேட்டால் வரும் விடையில் 28ஆம் பிற் ஏவிஎக்ஸ் உண்டா என்று சொல்லும். ஆனால் ஏவிஎக்ஸ் பதிவகங்கள் 256 பிற் அகலமானவை. பணிசெயல் முறைமை ஒரு செய்நிரலை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும்போது, முன்னையதன் பதிவகங்களைச் சேமித்துவைத்துப் பின்னர் மீட்டுக்கொடுக்கவேண்டும். 128 பிற் மட்டுமே அறிந்த பழைய முறைமை மேற்பாதியைக் கவனியாது. ஒருவருடைய எண்கள் மற்றவருடைய கணக்கில் கலந்துவிடும். இதைத் தவிர்க்க, முறைமை வெளிப்படையாக அனுமதிக்கும்வரை புரொசெசர் ஏவிஎக்ஸை இயக்க மறுக்கிறது. விண்டோஸ் 7க்கு இந்த ஆற்றல் முதலாவது சேவைப்பொதியுடன்தான் வந்தது. எனவே நூலகம் முதலில் 27ஆம் பிற்றைப் பார்க்கவேண்டும். அது 1 ஆனால்தான் எக்ஸ்ஜெற்பிவி என்ற அறிவுறுத்தலால் முறைமையின் அனுமதியை வாசிக்கலாம். வரிசை பிசகி, அனுமதியில்லாத இடத்தில் எக்ஸ்ஜெற்பிவியை அழைத்தால், சோதனை செய்யவந்த செய்நிரலே சோதனையில் விழுந்துவிடும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக அறுவடை நடப்பதும் இப்படித்தான். வெட்டு மெசின் கிடைக்குமா என்பது முதற் கேள்வி; ஈரம் வற்றி நிலம் அதைத் தாங்குமா என்பது அடுத்தது. இரண்டுக்கும் ‘ஓம்’ வந்தால்தான் மெசின் வயலில் இறங்கும். இல்லாவிட்டால் ஆள்பிடித்து அருவி வெட்டவேண்டும். நேரமெடுக்கும், ஆனாலும் நெல் வீடு வந்துசேரும். கேள்வி வரம்பில் நின்று ஒரு தடவைதான். ஒவ்வொரு கதிருக்கும் யாரும் கேட்பதில்லை. இரண்டு பாத்திக்கு மெசின் கூப்பிடுவதும் வீண். அதேபோல், ஏவிஎக்ஸ்-512 வந்த புதிதில் சில இன்ரெல் சேர்வர் புரொசெசர்கள் அந்தப் பாரமான வேலைக்காகத் தம் கடிகார வேகத்தையே குறைத்துக்கொண்டன. சிறிய வேலைக்கு அதனால் நட்டமே மிஞ்சியது.

வரம்பில் நின்று கேட்கும் வேலையை லினக்ஸில் குளிப்சி நூலகம் நேர்த்தியாகச் செய்கிறது. நினைவகத்தில் தரவைப் பிரதிசெய்யும் மெம்கொப்பி என்ற சார்புக்கு அதில் பல வடிவங்கள் உள்ளன. செய்நிரலுடன் நூலகம் இணைக்கப்படும்போது, தெரிவுச் சார்பு ஒன்று புரொசெசரைப் பரிசோதித்துப் பொருத்தமான வடிவத்தின் முகவரியைத் தெரிவிக்கும்; அது அட்டவணையில் எழுதப்படும். பிறகு வரும் இலட்சக்கணக்கான அழைப்புகள் நேரே அந்த முகவரிக்குப் போகும். 2021 ஜனவரியில் வெளியான நம்பை 1.20உம் இத்தகைய ஓட்டநேரத் தெரிவைப் பரவலாக்கியது.

ஆற்றலைக் கேளாமல் பெயரைக் கேட்பது பெரும் பிழை. இன்ரெலின் தொகுப்பான் உருவாக்கிய செய்நிரல்கள் நீண்டகாலம் தயாரிப்பாளர் பெயரையும் பார்த்தன. ஏஎம்டி புரொசெசரில் அதே அறிவுறுத்தல்கள் இருந்தும் மெதுவான வழியில் விட்டன. 2010இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவுடன் இன்ரெல் செய்த இணக்கப்பாட்டில், இதை வாடிக்கையாளருக்கு வெளிப்படுத்தவேண்டும் என்ற நிபந்தனையும் இடம்பெற்றது.

கைத்தொலைபேசிகளில் உள்ள ஆர்ம் புரொசெசர்களில் சாதாரண செய்நிரல் பொதுவாக முறைமையிடமே ஆற்றல்களின் பட்டியலைக் கேட்டுப்பெறும். சென்னை ஐஐடியின் சக்தி புரொசெசர்கள் பின்பற்றும் ரிஸ்க்-ஐந்து கட்டமைப்பிலும் அப்படித்தான். அதற்கான தனி அழைப்பு 2023இல் லினக்ஸ் 6.4இல் சேர்ந்தது.

புதியதில் பழையதெல்லாம் இருக்கும் என்றும் நம்பிவிடக்கூடாது. 2021இல் வந்த 12ஆம் தலைமுறை இன்ரெல் மேசைக்கணினிப் புரொசெசர்களின் சிறிய கருக்களில் ஏவிஎக்ஸ்-512 இல்லை; அதனால் பெரிய கருக்களில் இருந்ததும் முடக்கப்பட்டது. ‘ஏஐ கணினி’ என்ற ஒட்டுத்தாள் இதையெல்லாம் சொல்லாது. பாவித்த கணினி வாங்குபவர் லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளையை இட்டுக் கொடிப் பட்டியலில் ஏவிஎக்ஸின் அடுத்த வடிவமான ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்பது நல்லது.