டிராயிங் நோட்டு: எந்தத் தாள் தண்ணீர் தாங்கும்?

சென்ற ஜூன் சீசனில் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் டிராயிங் நோட்டுக் கட்டு ஒன்றை எங்களுக்கே திருப்பி அனுப்பினார். அட்டையில் வாட்டர்கலர் படம். உள்ளேயோ மெல்லிய எழுதுதாள். பிள்ளை தூரிகையை வைத்ததும் நிறம் மறுபக்கம் இறங்கிவிட்டது. தாயார் கடை வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். பணத்தைக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த அம்மாள் இப்போது மளிகைக்கும் வேறு கடைக்குப் போகிறாராம்.

கோவில்பட்டி கொண்டையராஜுவின் ஓவியங்களைக் காலண்டராக்கி வீட்டுக்கு வீடு சேர்த்த சிவகாசி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. இருந்தும் நோட்டை அட்டை பார்த்தே கொள்முதல் செய்கிறோம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

விவரம் அறிய ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் போனோம். பித்தளைச் செம்பு ஒன்று, பக்கத்தில் நாலு முண்டு வத்தல் வைத்து, பென்சில் கோடு இழுக்காமல் நேரே வர்ணத்தில் மூன்று தாள்களில் வரைந்து காட்டினார். செம்பின் பளபளப்பு என்பது வர்ணம் படாமல் விட்ட வெள்ளைத் தாள்தானாம். எழுதுதாளில் வத்தல் சிவப்பு ஊறி அந்த இடத்தையும் மூடியது. தாளும் பொரித்த அப்பளம்போல் நெளிந்தது. 140 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாளில் முதல் பூச்சு நன்றாக நின்றது. ஈரத்தில் மறுபடி தேய்த்தபோது நார் கிளம்பியது. 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் மூன்று பூச்சு தாங்கியது. அதன் சொரசொரப்பில் தூரிகை தொடாத வெள்ளைப் புள்ளிகளே செம்புக்கு மினுக்கம் தந்தன. தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் உதவிய நம் வறண்ட காற்றில் பூச்சு சீக்கிரம் உலர்ந்து விளிம்பு கோடாகிவிடும். தண்ணீரைச் சற்று நேரம் மேலே நிறுத்தும் தாள் வேண்டும் என்றார்.

அப்படி நிறுத்துவது தாளில் சேர்க்கும் 'சைசிங்' என்ற பசை. அது இல்லாவிட்டால் எவ்வளவு கனமான தாளும் மையொற்றுத் தாள்தான். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் பசை இருக்கிறது. உடனே இறங்கினால் இல்லை.

கனம் பார்க்க நம் தராசே போதும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 16 தாளை நிறுத்தால் வரும் கிராமே அதன் ஜி.எஸ்.எம்.

300 கனம் விலை கூடுதல். எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவையில்லை. கலர் பென்சிலுக்கும் கிரேயானுக்கும் மெல்லிய நோட்டு போதும், அதைச் சொல்லியே விற்கலாம். வர்ணத்துக்குக் கார்ட்ரிட்ஜ் தாள் வாங்குபவரிடம், நாலு ஓரத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சரக்கை எண்ணெய் டின் பக்கமோ ஈரச் சுவர் ஓரமோ அடுக்க வேண்டாம். ஈரம் ஏறினால் பசை கெட்டு, நல்ல தாளிலும் வர்ணம் திட்டுத்திட்டாக இறங்கும்.